கையுறைப் பட்டை

மார்ச் 2, சனி

முதல் மேட்ச் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று. இன்னும் எட்டு இருக்கிறது.

போன வாரம் தம்பியின் கால்பந்து டீமுடைய பெரிய கோல்கீப்பர் முழங்காலைத் திருகிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போனபோது நான் பாவப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். எப்போதாவது வரும் கோப்பை ஆட்டங்களைத் தவிர, தம்பி மூன்று வருடமாக அந்த டீமில் பெஞ்சைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டாம் டிவிஷன்தான், ஆனாலும் வெளிநாடு. வயது முப்பத்தொன்று. மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. சீசனில் மிச்சமிருக்கும் இந்த ஒன்பது மேட்சில் ஒழுங்காக நின்று காட்டினால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த வயதில் திரும்பி வரும் கீப்பரை இங்கே யார் சேர்த்துக்கொள்வார்கள்?

சரி, இன்றைக்கு என் தீர்ப்பு. கேப்டன் சொக்கத் தங்கம். நடுவில் அவன் ஒருவன்தான் தலையை நிமிர்த்திப் பார்த்து பாஸ் கொடுக்கிறான். ஸ்ட்ரைக்கர் கொண்டைக்காரன் பந்தைத் தொட்டதைவிடத் தன் கொண்டையைத் தொட்டதுதான் அதிகம். லெஃப்ட் பேக் இருக்கிறானே, மேலே ஓடுவான், வீட்டுக்குத் திரும்பும் வழியை மறந்துவிடுவான். ஒருநாள் இவனால்தான் நமக்குக் கேடு. தம்பி நன்றாகவே ஆடினான். கோலுக்கு அவன் பொறுப்பில்லை.

அம்மா வழக்கம்போல ஒவ்வொரு கார்னருக்கும் சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், டிவி சத்தம் காதில் விழக் கூடாதென்று. இன்று ஒன்பது கார்னர். இப்படியே போனால் மாடித் தொட்டி காலியாகிவிடும்.

மேட்ச் முடிந்ததும் இதையெல்லாம் ரசிகர் பக்கத்தில் எழுதிப் போட்டேன். வெளிநாட்டு ஆட்டங்களைப் பற்றித் தமிழில் சண்டை போடும் நாலாயிரம் பேர் இருக்கும் இடம் அது. அங்கே எனக்கு லைன்மேன் என்று பெயர். எல்லோரும் அண்ணே, சார் என்கிறார்கள். நானும் திருத்தவில்லை. அந்தக் கீப்பர் என் தம்பி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. லைன்மேன் நான்தான் என்பது என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது, தம்பிக்குக்கூட.

மார்ச் 3, ஞாயிறு

சூப்பர் சப் என்று ஒருவன். எப்போது பார்த்தாலும் என் வாலைப் பிடித்துக்கொண்டே வருவான். இன்று காலையில் எழுதியிருக்கிறான்: “லைன்மேன் சார், எல்லாரையும் கிழிக்கிறீங்க, கீப்பரை மட்டும் தொட மாட்டேங்கிறீங்க. சொந்தக்காரரா?”

தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான். ஆனாலும் இனிமேல் கொஞ்சம் நடுநிலையாக எழுத வேண்டும். தம்பியையும் அங்கங்கே நாலு குட்டு குட்டினால்தான் நம்புவார்கள்.

மார்ச் 6, புதன்

நான் வேலை பார்க்கும் பல் லேப்பில் இன்று மூன்று செட். இரண்டு மேல்தாடை, ஒன்று முழு வாய். பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகை உருக்கிவிட்டு ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் வேறு ஒரு வரிசை ஓடுகிறது. நான்கு டிஃபெண்டர், அவர்களுக்குப் பின்னால் ஒருவன். சனிக்கிழமை வெளியூர் மேட்ச். பலமான டீம்.

பயமாக இருக்கிறது. ஆடப்போகிறவன் நிம்மதியாகத் தூங்குவான். நான் இங்கே மெழுகுக் கத்தியைப் பிடித்தபடி வேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, சனி

இரண்டு கோலில் தோல்வி. இரண்டாவது பெனால்டி. தம்பி இடது பக்கம் பாய்ந்தான், பந்து வலது பக்கம் போனது.

இதற்குச் சூப்பர் சப் எழுதியது: “கீப்பருக்கு பெனால்டின்னா என்னன்னே தெரியல. பூவா தலையா போட்டுப் பார்த்து குதிக்கிறார்.” அதற்கு நூறு பேர் சிரிப்பு. எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பூவா தலையாவா? அவன் ஒன்பது வயதில் பாயக் கற்றதிலிருந்து எத்தனை யோசித்துப் பாய்கிறான் என்று எனக்கல்லவா தெரியும்?

விட்டேன் ஒரு பதில். “கண் இருப்பவர்கள் பார்க்கலாம். இந்தக் கீப்பர் குருட்டாம்போக்கில் பாய்வதே இல்லை. அடிப்பவன் ஓடிவரத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறார். எந்தப் பக்கம் பாயப் போகிறாரோ, அந்தக் கையின் கையுறைப் பட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வார். போன வருடக் கோப்பை ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். ஒருமுறைகூடத் தப்பாது. ஆட்டம் பார்ப்பது வேறு, ஆட்டத்தைப் படிப்பது வேறு, தம்பி.”

பக்கம் முழுக்க, “அண்ணே எப்படிண்ணே இதெல்லாம்”, “லைன்மேன் சார் கண்ணா காமிராவா” என்று ஒரே கொண்டாட்டம்.

தோற்ற நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

முந்நூற்றுப் பன்னிரண்டு லைக்.

மார்ச் 11, திங்கள்

காலை பதினொன்றரை மணி. கையில் யாரோ ஒருவரின் கீழ்த்தாடை. திடீரென்று உறைத்தது.

அடிப் பாவி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!

எவன் வேண்டுமானாலும் படிக்கலாமே. பெனால்டி அடிக்கிறவனும் படிக்கலாமே. தமிழில்தான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மொழிபெயர்ப்புப் பொத்தான் ஒன்று இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவை அழித்தேன்.

அழித்து என்ன பயன். நேற்று மதியமே சூப்பர் சப் வீடியோவாக்கிவிட்டான். கோப்பை ஆட்டப் பெனால்டி மூன்று, சனிக்கிழமைப் பெனால்டி ஒன்று, நான்கையும் மெதுவாக ஓடவிட்டு, கையுறையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே: “லைன்மேன் சார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. தலைவணங்குகிறேன்.” கடங்காரன். தலைவணங்க வேறு நேரமா கிடைக்கவில்லை?

மார்ச் 13, புதன்

அந்த வீடியோவை அந்த நாட்டு ரசிகர்களே எடுத்து அவர்கள் மொழியில் போட்டிருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தாயிற்று.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் பதறாத மனிதர்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககூட உன் அளவுக்குப் பயப்பட மாட்டாங்க. அவனுக்கு போன் போட்டு விஷயத்தச் சொல்லிடு. அவன் அந்தப் பட்டைய இழுக்காம இருந்துட்டா முடிஞ்சது.”

“எழுதினது யாருன்னு கேப்பானே?”

“நான்தான்னு சொல்லு.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 14, வியாழன்

தம்பி போன் செய்தான். அம்மா பேசி முடித்ததும் வாங்கினேன். “சாப்பிட்டியா” என்றேன். “சாப்ட்டேன்க்கா” என்றான். “அங்க குளிரா” என்றேன். “ஆமா” என்றான்.

போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16, சனி

ஒன்றுக்கு பூஜ்யம். ஜெயித்தோம். கொண்டைக்காரன் தலையால் முட்டிப் போட்டான், கொண்டை கலையாமல். பெனால்டி இல்லை.

தொண்ணூறு நிமிடமும் ஆட்டமா பார்த்தேன்? நம்முடைய பாக்ஸுக்குள் எவனாவது விழுந்தால் ரெஃப்ரியின் விசிலைத்தான் பார்த்தேன். லெஃப்ட் பேக் ஒவ்வொரு முறை காலை நீட்டும்போதும் சோபா நுனிக்கு வந்துவிட்டேன். இன்று கார்னருக்கு அம்மாவோடு நானும் சமையலறைக்குப் போனேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உனக்கு என்னடி? நீ எப்பவும் நெஞ்ச நிமித்திக்கிட்டு உக்காந்து பாக்கிறவளாச்சே.”

மார்ச் 23, சனி

இந்த வாரம் மேட்ச் இல்லை. கடவுளுக்கு நன்றி. சொல்ல நல்ல சந்தர்ப்பம். சொல்லவில்லை.

மார்ச் 30, சனி

வந்துவிட்டது.

அறுபத்திரண்டாவது நிமிடம். லெஃப்ட் பேக் இல்லை, நடு டிஃபெண்டர் நெட்டையனின் கையில் பந்து பட்டது. பெனால்டி. தம்பி கோட்டில் நின்றான். கம்பத்தை இரண்டு தட்டு தட்டினான். அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் முகத்தையா பார்த்தான், கையையா? தம்பி வலது பட்டையை இழுத்தான். இழுக்காதடா, இழுக்காதடா என்று கத்தினேன். யாருக்குக் கேட்கப் போகிறது. அவன் வலது பக்கம் பாய்ந்தான். பந்து அலட்டிக்கொள்ளாமல் இடது மூலைக்குள் உருண்டது.

பதினோரு முறை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கையைப் பார்க்கிறான் என்று தோன்றுகிறது. அடுத்த தடவை புல்லைப் பார்க்கிறான் என்று தோன்றுகிறது. பெனால்டியில் கோல் விழுவது உலக வழக்கம்தானே? பாதிக்கு மேல் விழத்தானே செய்யும்? இவரிடம் கேட்டேன். “நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லிக்கிற, நான் எதுக்கு?” என்று எழுந்து போய்விட்டார்.

ஒன்றுக்கு இரண்டு. தோல்வி.

ரசிகர் பக்கத்தில், “லைன்மேன் சார் தீர்க்கதரிசி.”

மார்ச் 31, ஞாயிறு

தம்பி பேசினான். “என்னமோ தெரியலக்கா. அவன் என் மனசுக்குள்ள பூந்து பாத்துட்டு அடிச்ச மாதிரி இருந்துச்சு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடா. அதிர்ஷ்டம்” என்றேன்.

நானும் ஒரு மனுஷியா?

ஏப்ரல் 2, செவ்வாய்

கீழ்த்தாடை முன்பற்கள் நான்கு இருக்க வேண்டும். எனக்கு இது பதினைந்து வருடத் தொழில். இன்று ஐந்து நட்டுவைத்திருக்கிறேன். நெருக்கியடித்துக்கொண்டு, பஸ்ஸில் நிற்பதுபோல.

லேப் மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்து விரல் விட்டு எண்ணினாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?” என்று கேட்டாள். அழுகை வந்துவிட்டது. மெழுகுப் புகை கண்ணில் பட்டது என்றேன். மெழுகு உருக்கும் விளக்கையே நான் ஏற்றியிருக்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளையில் லேப்பின் பின்படியில் உட்கார்ந்து போன் போட்டேன். பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவில்.

“டேய், ஒண்ணு சொல்லணும்.”

“அம்மாவுக்கு என்ன?”

“அம்மா நல்லாத்தான் இருக்கா. இது வேற. அந்தக் கையுறை வீடியோ இருக்குல்ல...”

“ஓ, உனக்கும் வந்துருச்சா? நேத்து டிரெஸ்ஸிங் ரூம்ல போட்டுக் காட்டினாங்க. நான் அப்டி இழுக்கறது எனக்கே தெரியாதுக்கா! எவன்டா இவ்ளோ கூர்மையா பாத்திருக்கான்னு கோச்சே கேட்டாரு.”

“நான்தான்டா.”

“என்ன நீதான்?”

“எழுதினது. லைன்மேன்னு பேர் வச்சுக்கிட்டு. போன மாசம் ஒம்பதாம் தேதி.”



“போன சனிக்கிழமைக்கு மூணு வாரம் முன்னாடி” என்றான். “அதுக்கப்புறம் எங்கிட்ட குளிரா, சாப்பிட்டியான்னு கேட்ட.”

“ஆமா.”

“சரி. எனக்கே தெரியாதது உனக்கு எப்டித் தெரியும்?”

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வீடியோவில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல வரவில்லை.

“சின்ன வயசுலேர்ந்தே தெரியும்.”

அடுத்து அவன் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பழைய தெருவில் ஒரு மூடிய கிடங்கு. அதன் இரும்பு ஷட்டர்தான் கோல். அப்பாவின் வெல்டிங் கையுறையைப் போட்டுக்கொண்டு இவன் நிற்பான். கையுறை கழன்று விழாமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி மணிக்கட்டில் பட்டையாகக் கட்டிவிட்டது நான்தான். எந்தக் கைக்கு வேலை வரப் போகிறதோ அந்தக் கையின் பட்டையை இறுக்கிக்கொள்வான். நான் மறு பக்கம் அடிப்பேன். ஷட்டர் டமார் என்று அலறும். வருடக்கணக்கில் நான்தான் ஜெயித்தேன். எங்கக்கா மாதிரி பெனால்டி அடிக்க உலகத்திலேயே ஆள் இல்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

“அப்போ ஷட்டர்ல நீ போட்ட கோலெல்லாம்...”

“ஆமாடா.”

“ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா?”

“தோணிச்சு. சொல்லிட்டா நான் எப்டி ஜெயிக்கிறது?”

வைத்துவிட்டான்.

ஏப்ரல் 6, சனி

இரண்டுக்கு இரண்டு. பெனால்டி இல்லை. கேப்டன் ஒரு கோல் போட்டான், அழகு. அதைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அம்மா போனில் கூப்பிட்டால் எடுக்கிறான்.

ஏப்ரல் 13, சனி

இதைவிட அந்தப் பட்டையையே இழுத்துத் தொலைத்திருக்கலாம்.

எட்டாவது நிமிடத்திலேயே பெனால்டி. தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப்போல. கையைப் பூட்டியதும் காலும் பூட்டிக்கொண்டதா? அடிக்கிறவன் அடித்தான். இவன் எந்தப் பக்கமும் பாயவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி பந்து போவதைத் திரும்பிப் பார்த்தான்.

புரிந்தது. பட்டையை இழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் அவன் இடதா வலதா என்று முடிவே செய்கிறான். இருபத்திரண்டு வருடமாக அதுதான் அவனுக்குச் சாவி. நான் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டேன்.

மூன்று கோலில் தோல்வி. சூப்பர் சப் தம்பிக்கு ‘கல்தூண்’ என்று பெயர் வைத்துவிட்டான்.

ஏப்ரல் 17, புதன்

அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள், “உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன?”

“ஒண்ணுமில்லம்மா.”

“அக்கா எப்டி இருக்கான்னு கேக்காம அவன் போன வச்சதே இல்ல. ரெண்டு வாரமா கேக்கல. நானா சொன்னா பேச்ச மாத்தறான்.” மடித்த துணியை என் மடியில் வைத்தாள். “கடைசி மேட்ச் முடிஞ்சுதான் வச்சுக்கிறாங்களா அனுப்பறாங்களான்னு சொல்வாங்களாம். அதயாவது உங்கிட்ட சொன்னானா?”

சொல்லவில்லை. எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? ஊருக்கே சொல்றவகிட்ட?

ஏப்ரல் 20, சனி

கோல் இல்லாத டிரா. தம்பி அருமை. கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றைத் தடுத்தான். பெனால்டி இல்லை. பெனால்டி இல்லை. பெனால்டி இல்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

அவனிடமிருந்து ஒரு மெசேஜ். “எந்த வயசுலேர்ந்து?”

“உனக்கு ஒம்பது” என்று அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து: “இருபத்திரண்டு வருஷம்.”

அவ்வளவுதான். கோபமா, கணக்கா, எதுவும் புரியவில்லை. நாள் முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போனபோதுகூட சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்.

ஏப்ரல் 27, சனி

இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம். ஆனால் மனசு சரியில்லை.

பழக்கம் திரும்பிவிட்டது. எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தபோது தம்பி பட்டையை இழுத்ததைப் பார்த்தேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, கையைத் தூக்கி. இத்தனை நடந்த பிறகுமா? சூப்பர் சப் அதையும் வெட்டிப் போட்டுவிட்டான்: “பழக்கம் விடல பாருங்க. கடைசி மேட்ச்ல பெனால்டி வந்தா அவ்ளோதான்.”

தம்பியிடம் சொல்லலாமா? நான் சொல்லி என்ன உருப்பட்டது?

“சொல்லாத” என்றார் இவர். “இந்தத் தடவையாவது.”

மே 3, வெள்ளி

நாளை. லேப்பில் எல்லாப் பல்லையும் இரண்டு தடவை எண்ணினேன். மேடம் மூன்றாவது தடவை எண்ணினாள்.

மே 4, சனி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

ஒன்றுக்கு பூஜ்யம், நாம் முன்னே. ஜெயித்தால் டீமுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, நடு வரிசையில்தான் முடியும். எங்களுக்குத்தான் எல்லாம். எண்பத்துமூன்றாவது நிமிடம். லெஃப்ட் பேக் மேலே போயிருந்தான். போனவன் திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்தவன் பந்தை விட்டுவிட்டு எதிராளியின் காலை வாரினான். பாக்ஸுக்குள். மார்ச் மாதமே சொன்னேன், இவனால்தான் கேடு என்று.

அம்மா போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. எனக்கும் கால் எழுந்தது, இவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

தம்பி கம்பத்தை இரண்டு தட்டு தட்டினான். கோட்டில் வந்து நின்றான். அடிக்கிறவன் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். இந்த முறை சந்தேகமே இல்லை. அவன் பார்த்தது கையைத்தான். தம்பி இடது பட்டையை இழுத்தான். நன்றாக, நிதானமாக இழுத்தான்.

“போச்சு! இடது பக்கம் போறான்! செத்தோம்!” என்று கத்திக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டேன். விரல் இடுக்கில் பார்த்தேன். அடித்தவன் வலது பக்கம் அடித்தான்.

தம்பி அங்கே இருந்தான்.

இருந்தான் என்றால், பந்துக்கு முன்னாலேயே போய்ப் படுத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்த மாதிரி. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். தட்டிக்கூட விடவில்லை. எனக்கு ஒரு நொடி ஒன்றுமே விளங்கவில்லை. இடதுதானே? இடது பட்டைதானே இழுத்தான்? என் கண்ணா கெட்டுப்போனது? இவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, “பிடிச்சுட்டான்டி, பிடிச்சுட்டான்!” என்கிறார். எதற்கும் பதறாத மனிதர் சோபாமேல் ஏறி நிற்கிறார்.

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். “என்னாச்சு? விழுந்துருச்சா?”

அழுதேன். அதைப் பார்த்துவிட்டு, கோல்தான் விழுந்தது என்று நினைத்து அம்மாவும் அழத் தொடங்கிவிட்டாள்.

மே 5, ஞாயிறு

ரசிகர் பக்கம் முழுக்க என் தலைதான் உருள்கிறது. சூப்பர் சப்: “லைன்மேன் சார், எங்க போச்சு உங்க பட்டைக் கண்டுபிடிப்பு? இடது இழுத்தார், வலது பாய்ந்தார். ஆட்டம் பார்ப்பது வேறு, படிப்பது வேறுன்னு சொன்னீங்களே?” இருநூறு சிரிப்பு. ஒருவர் எனக்குக் கண்ணாடிக் கடை விலாசமே அனுப்பியிருக்கிறார்.

பதில் எழுதினேன்: “ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கீப்பரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.” என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக ஒரு வரி எழுதியதில்லை.

“பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றான் சூப்பர் சப். பாவம், நல்ல பையன்தான்.

சாயங்காலம் என் போன் அடித்தது. அம்மாவுடையது இல்லை, என்னுடையது.

“நீ எந்தப் பக்கம்னு நெனச்ச?” என்றான். எடுத்ததும் அதுதான் கேள்வி.

“இடது.”

“நெஜமா?”

“அம்மா மேல சத்தியம். செத்தோம்னு கத்தினேன். இவர்கிட்ட வேணா கேளு.”

சிரித்தான். ஒரு மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

“தெனம் அம்பது தடவ பழகினேன்க்கா. இந்தப் பக்கம் இழுத்துட்டு அந்தப் பக்கம் பாயறது. மொதல்ல ஒடம்பு கேக்கவே இல்ல. நேத்திக்கு முந்தின மேட்ச்ல வேணும்னேதான் எல்லாரும் பாக்கற மாதிரி இழுத்தேன். பழகும்போது எதிர்ல எவனையும் நெனச்சுக்கல. நீதான் அடிக்கிறன்னு நெனச்சுப்பேன். உன்ன ஏமாத்திட்டா எவன வேணா ஏமாத்திடலாம்ல?”

“எம்மேல கோவம் போச்சா?”

“பாதி. மீதிய நேர்ல வந்து பாத்துக்கறேன்.”

மே 17, வெள்ளி

ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். இரண்டு கேட்டான், ஒன்றுதான் கொடுத்தார்கள். முழங்கால் சரியானதும் பெரிய கீப்பர் திரும்பி வருவானாம், மறுபடி பெஞ்சாகவும் இருக்கலாம். பயம் எங்கே போய்விடப் போகிறது. ஆனாலும் இன்று லேப்பில் பாட்டு முணுமுணுத்தேனாம், மேடம் சொன்னாள். பல்லை எண்ணுவதை மட்டும் அவள் இன்னும் விடவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

தம்பி நேற்று வந்தான், மூன்று வார லீவு. காலையில் டீ குடித்த கையோடு, “வா கீழ” என்றான். கையுறையைக் கொண்டே வந்திருக்கிறான்.

அபார்ட்மெண்ட் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே நின்றான். இவர் ரெஃப்ரியாம், வாயில் விரலை வைத்து விசில் அடித்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். சமையலறை மூன்று மாடி மேலே இருக்கிறது, ஓடவும் முடியாது.

பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பழக்க தோஷம், கண் நேராகக் கைக்குத்தான் போனது. அவன் வலது பட்டையை இழுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டே இடதையும் இழுத்தான். பிறகு ஒன்றும் தெரியாதவன்போல மேலே பார்த்தான்.

ஐந்து அடித்தேன். ஐந்தையும் பிடித்துவிட்டான்.